எலுமிச்சை ஊறுகாயும் எதிர்த்தெரு மொட்டைமாடியும்

இட்லிப் பொடிக்காக ஒரு மனிதர் மேல் ஒன்றரை மாதம் வயிறு எரிந்தவன் நான். இதை எழுதுகிறேன் என்று தெரிந்ததும் என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “பொடிக்காகவா எரிஞ்சீங்க? நல்லா யோசிச்சு எழுதுங்க” என்றாள். சரி, பொடிக்காக இல்லை. டிரைவருக்காக.

நான் கண்டக்டராக இருந்தவன். திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் சீவலப்பேரிக்கும் நடுவே ஓடும் டவுன் பஸ்ஸில் பத்தொன்பது வருடம் ஒரே டிரைவரோடு வேலை பார்த்தேன். நாங்கள் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசியது குறைவு. அவர் முன்னால், நான் பின்னால். அவருடைய பிடரிதான் எனக்குப் பழக்கம். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாரா, காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாரா என்று அந்தப் பிடரியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மற்றபடி எங்கள் பேச்சு விசிலில்தான். ஒரு விசில் என்றால் நிறுத்த வேண்டும், இரண்டு விசில் என்றால் எடுக்க வேண்டும். விசில் தொலைந்துபோன நாட்களில் நாக்கை மடித்து வாயாலேயே அடிப்பேன். அதற்கும் வண்டி நிற்கும், அதற்கும் கிளம்பும்.

படிப்பு எனக்கு எட்டாம் வகுப்போடு சரி. மீதியெல்லாம் பஸ்ஸில் ஏறியவர்கள் சொல்லிக்கொடுத்தது. நடவுக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சில் தினம் ஒரு சொலவடையாவது புதிதாக வந்து விழும். “வயித்தெரிச்சல்ல வச்ச உலை சீக்கிரம் கொதிக்கும், சோறுதான் வேகாது” என்று ஒருத்தி தன் ஓரகத்தியைப் பற்றிச் சொன்னதை டிக்கெட் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டேன். அன்றைக்கு அது எனக்கு வெறும் சிரிப்பு. சமையலையும் அவர்களிடம்தான் கேட்டுப் பழகினேன். களி கட்டி தட்டாமல் கிண்டுவது, சுசியம் எண்ணெயில் உடையாமல் பொரிப்பது எல்லாம் பாதி வழியில் கற்றுக்கொண்ட பாடம்.

நானும் டிரைவரும் ஆறு மாத இடைவெளியில் ஓய்வு பெற்றோம். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் கூடுவது என்று ஆகிவிட்டது. டிரைவர் சைக்கிளில் வந்து வாசலில் ஒரு மணி அடிப்பார். வேலையை விட்டபின் சைக்கிளைத் தவிர வேறு வண்டியை அவர் தொடவில்லை. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரும் வருவார். சில நாள் இன்னும் ஒன்றிரண்டு பேர் சேர்வார்கள். மூன்று வருடத்தில் ஒரு ஞாயிறு தவறியதில்லை.

காலை பத்து மணிக்கே என் வேலை ஆரம்பித்துவிடும். பயறு வேகவைப்பேன், வாழைக்காய் சீவுவேன், உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றுவேன். சாயங்காலம் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்து, முதல் வாய் உள்ளே போகும்வரை பக்கத்திலேயே நிற்பேன்.

“எப்படிவே?”

“நல்லா இருக்குவே” என்பார் டிரைவர்.

“நல்லான்னா? உப்பு?”

“உப்பும் நல்லா இருக்கு.”

“போன வாரத்துக்கு இந்த வாரம்?”

அவர் மென்று விழுங்கி ஒரு பதில் சொல்லும்வரை விடமாட்டேன். தட்டைக் கழுவ எழுந்தால் கையிலிருந்து பிடுங்கிவிடுவேன். “விருந்தாளி தட்டக் கழுவுததா? இரும்வே!”

மாதம் ஒரு முறை, கிளம்பும்போது ஆளுக்கொரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் கொடுப்பேன். பழத்தை ஈரம் போகத் துடைத்து, சரியாக எட்டுத் துண்டு போட்டு, உப்பில் ஊறவைத்து, வெயில் காட்டி எடுப்பேன். வேறு யாரையும் தொடவிட மாட்டேன், என் மனைவியைக்கூட. பழைய காபித்தூள் பாட்டிலில் அடைத்து, மூடி மேல் டிக்கெட் அளவில் ஒரு சீட்டு ஒட்டுவேன். பழக்க தோஷத்தில் அந்தச் சீட்டின் ஓரத்தைக் கொஞ்சம் கிழித்தும் விடுவேன். ஊருக்குள் இப்படி ஒரு விருந்து எவன் வைக்கிறான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

போன வருடம் எதிர்த்தெருவுக்கு ஒருவர் குடிவந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கடற்கரைக் கத்தோலிக்கர். மகளுக்கு இங்கே பள்ளிக்கூட வேலை என்பதால் அவரும் மனைவியும் கூடவே வந்துவிட்டார்கள். கட்டைகுட்டையான ஆள், உரத்த குரல். அடுக்களையைக் ‘குசினி’ என்பார். லாரியிலிருந்து சாமான் இறக்கும்போது ஒரு பெரிய கல் திருவையை இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து, மிக்ஸி இருக்கிற காலத்தில் இது எதற்கு என்று நான் சிரித்தேன். அந்தத் திருவைதான் பின்னால் என்னைத் திரித்தது.

முதலில் ஒரு ஞாயிறு டிரைவர் அரைமணி நேரம் தாமதமாக வந்தார். “எதிர்த்தெருக்காரரு கூப்பிட்டாரு, ஒரு எட்டுப் போயிட்டு வந்தேன்” என்றார். சுசியத்தில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு ஒரு மணி நேரம் தாமதம். அதற்கடுத்த ஞாயிறு ஆளே வரவில்லை. தபால்காரர் மட்டும் வந்து, எனக்கு வந்த தந்தியை எனக்கே படித்துக் காட்டுகிறவர் மாதிரி அக்கறையாகச் சொன்னார்:

“அங்கன நாற்காலியே கெடையாதுவே. மாடியில பாய விரிச்சுப் போட்டுருக்காரு. பன்னும் மாசிக் கருவாட்டுச் சம்பலும்தான். பன்னு கடையில வாங்குனது.”

“கடையில வாங்குனதையா விருந்துன்னு வைக்காரு?”

“ஆமா. ஆனா இட்லிப் பொடி நம்மளே திரிக்கோம். ஆளுக்கொரு பொட்டலம் வீட்டுக்கு.”

“நம்மளேவா? நீரும் போறீரா?”

தபால்காரர் பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டார். அது ஆமாம் என்று சொல்வதற்கு ஒரு வழி.

அந்த ஞாயிறு மீந்த பஜ்ஜியை மறுநாள் குழம்பில் போட்டோம். என் மனைவி தட்டை வைத்துக்கொண்டே, “அடுத்த வீட்டுக்காரி பிள்ள பெத்தான்னு அம்மிக் குழவிய எடுத்து வயித்துல குத்திக்கிட்டாளாம் ஒருத்தி” என்று பொதுவாகச் சொன்னாள். சொலவடை எனக்குப் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

பிறகு நான் செய்ததை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சரியாக ஐந்து மணிக்குக் கருவேப்பிலை வாங்கப் போவேன். எதிர்த்தெரு வழியாகப் போவேன். கருவேப்பிலைச் செடி எங்கள் வீட்டுப் பின்னாலேயே நிற்கிறது. துறைமுகத்துக்காரர் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் டிரைவரின் சைக்கிள் நிற்கும். எங்கள் வாசலில் மரம் இல்லை, மூன்று வருடமும் அந்த சைக்கிள் வெயிலில்தான் காய்ந்தது. நிழலைப் பார்த்துக்கூட ஒரு மனிதனுக்கு எரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாடியிலிருந்து கடகடவென்று திருவைச் சத்தம் வரும். அதற்கு நடுவே டிரைவரின் சிரிப்பு. பஸ்ஸில் அவர் அப்படிச் சிரித்து ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன், ஒரு ஆட்டுக்குட்டி டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்ட அன்றைக்கு.

ஒரு புதன்கிழமை துறைமுகத்துக்காரரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம்.

“அண்ணாச்சி, எல்லாரும் வந்தாச்சு, நீங்க ஒருத்தர்தான் இன்னும் வரல. டிரைவர் அண்ணாச்சி எப்பவும் உங்களப் பத்தித்தான் பேசுதாரு.”

“என்ன பேசுதாரு?”

“உங்க ஊறுகாயப் பத்தி. எங்களுக்கும் கொண்டாந்து குடுத்தாரு. என்னா ருசி!”

முதல் நொடி குளிர்ந்தது. அடுத்த நொடி, நான் அவருக்கென்று கொடுத்ததை அங்கே கொண்டுபோய்ப் பந்தி வைத்தாரா என்று எரிந்தது. இரண்டையும் மறைத்துக்கொண்டு, “வாரேன், வாரேன்” என்றேன். அவர் போனபின் பொட்டலத்தைப் பரணில் போட்டேன். மறுநாள் காலை இட்லிக்கு அதிலிருந்த பொடி என் தட்டில் இருந்தது.

“எப்படி இருக்கு?” என்றாள் மனைவி.

“காரம் கூட.”

“ஆறு இட்லி சாப்பிட்டிருக்கீங்க.”

அந்த ஞாயிறு போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பாட்டில் ஊறுகாய். மாடிப்படியில் ஏறும்போதே வறுத்த மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. மாடிக் கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தேன். தபால்காரர் அடுப்பு முன்னால் இருமிக்கொண்டே மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். வேறு இருவர் பாயில் உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கினார்கள். வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். விருந்து வைக்கிறவன் காலை நீட்டி உட்காருவதை நான் வாழ்க்கையில் அன்றுதான் பார்க்கிறேன்.

“வாங்க அண்ணாச்சி! பூண்டு உரிக்கீங்களா, எள்ளு பொடைக்கீங்களா?”

“நான் விருந்தாளியால்லா வந்திருக்கேன்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

டிரைவர் எனக்கு முதுகைக் காட்டித் திருவை முன்னால் உட்கார்ந்திருந்தார். திருவைச் சத்தத்தில் நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. ஒரு கை கைப்பிடியில், ஒரு கை உளுந்தை அள்ளிக் குழியில் போடுகிறது. கல் ஒரே சீராகச் சுற்றுகிறது. சீவலப்பேரி ரோட்டில் காலை வண்டியை அவர் ஓட்டுவாரே, அந்த மாதிரி, குலுங்காமல். பக்கத்தில் யாரும் நின்று எப்படி என்று கேட்கவில்லை. நான் அவர் பிடரியைப் பார்த்தேன். மூன்று வருடம் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த பிடரி இல்லை அது. வண்டி ஓட்டிய காலத்துப் பிடரி. எத்தனை பயறு வேகவைத்திருப்பேன், எத்தனை களி கிண்டியிருப்பேன், அந்தப் பிடரியை என்னால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. ஒரு கல்லை வைத்துக்கொண்டு இவர் கொண்டுவந்துவிட்டார்.

நான் யோசித்துச் செய்யவில்லை. நாக்கு தானாக மடிந்தது. இரண்டு விசில்.

டிரைவரின் இடது கால் சட்டென்று கிளட்சை அமுக்கியது, வலது கால் முன்னே போனது, கைப்பிடியை விட்ட கை கியருக்குப் போனது. காலில் இடித்துத் தாம்பாளம் கவிழ, திரித்த பொடியில் பாதி தரையில். “வண்டி எடுத்தாச்சு டோய்! படியில நிக்காதீங்க, உள்ள போங்க!” என்று தபால்காரர் கத்த, மாடியே சிரித்தது. வீட்டுக்காரரும் சிரித்தார். டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, விறுவிறுவென்று படி இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

வேப்பமரத்தடியில் நின்று, “என்னலே நெனச்சுக்கிட்டிருக்க?” என்றார். பத்தொன்பது வருடத்தில் என்னை ‘லே’ என்று அவர் சொன்னதில்லை.

“சும்மா வெளையாட்டுக்கு…”

“வெளையாட்டா? அத்தன பேரு முன்னால என்னையக் கொரங்கு மாதிரி ஆட்டி வச்சுட்ட.”

“நீரு எதுக்கு என் வீட்ட விட்டுட்டு இங்கன வந்து கெடக்கீரு? உமக்கு நான் என்ன கொற வச்சேன்? ராசா மாதிரி உக்கார வச்சுத்தான சோறு போட்டேன்?”

“அதாம்வே! முப்பது வருசம் வண்டி ஓட்டுனவனப் பயணியா உக்கார வச்சுட்டீரு.” கோபத்திலும் மரியாதையான ‘வே’ திரும்ப வந்துவிட்டது. “தின்னணும், நல்லா இருக்குன்னு சொல்லணும். அதுக்கும் செக்கிங்குக்கு வந்தவன் மாதிரி தலமாட்டுல நிக்கீரு. சொல்லும், நான் என் கைய எங்கனவே வைக்க?”

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்க உளுந்து மாவு. அவர் திரும்ப மேலே போனார். கொஞ்ச நேரத்தில் கடகட சத்தம் மறுபடி ஆரம்பித்தது. என்னால் ஐந்து நிமிடத்துக்கு மேல் அதை நிறுத்திவைக்க முடியவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்தபிறகுதான் கால் சுட்டதைக் கவனித்தேன். செருப்பு அந்த மாடியிலேயே கிடந்தது.

“செருப்பு எங்க?” என்றாள் மனைவி.

“விருந்துல விட்டுட்டேன்.”

நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. “எட்டுத் துண்டுக்கு மேல ஒரு துண்டு ஆயிரக்கூடாதுன்னு என்னையவே அரிவாமனைகிட்ட விடமாட்டீங்க. அவரு என்ன செய்வாரு, பாவம்” என்று மட்டும் சொன்னாள். ஒரு வாரம் அந்தப் பேச்சு காதிலேயே நின்றது. செருப்பைக் கேட்டு வாங்க மானம் இடம் தரவில்லை. கடைக்குப் போக என் மனைவியின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். அதில் பூப்போட்டிருக்கும்.

அடுத்த ஞாயிறு நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை. மார்க்கெட்டில் வாங்கிய எலுமிச்சம்பழத்தைத் துடைத்து ஒரு தாம்பாளத்தில் குவித்து, கூடத்தில் பாயை விரித்து, இரண்டு கத்தி எடுத்து வைத்தேன். நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. சைக்கிள் மணி இல்லை. எதிர்த்தெருவில் இந்நேரம் திருவை சுற்றிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். கருவேப்பிலைக்குப் போகலாமா என்று எழுந்துகூட விட்டேன். பூப்போட்ட செருப்பைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தேகாலுக்கு மணி அடித்தது.

டிரைவர் இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டு செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை நீட்டினார். “செருப்பக் குடுக்கத்தான் வந்தேன்.” பிறகு மூக்கை உறிஞ்சினார். “என்னவே, எண்ணெ வாசனையே காங்கல?”

“இன்னைக்கு ஒண்ணும் போடல.”

“ஒடம்புக்குச் சொகமில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். பழம் கெடக்கு. ஒத்தையா நறுக்க முடியல, அதான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

நூறு பழத்தை ஒரே மூச்சில் தனியாக நறுக்குகிறவன் நான், அது அவருக்கும் தெரியும். சைக்கிளை வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, பாயில் உட்கார்ந்து, ஒரு பழத்தைக் கையில் எடுத்தார்.

“எட்டுத்தானவே?”

“உம்ம இஷ்டம்.”

“என் இஷ்டமா?” என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறைதான்.

அவர் ஆறாக நறுக்கினார். அதுவும் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கொட்டையை எடுக்கவே இல்லை. நான் நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். அடுத்ததை ஐந்தாக நறுக்கினார். அடுக்களை வாசலில் நின்ற என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சரி என்று நானும் ஒன்றை ஏழாக நறுக்கினேன். கை கூசியது.

இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நாங்கள் உட்கார்ந்ததே இல்லை. பஸ்ஸில் முன்னும் பின்னும், வீட்டில் அவர் உட்கார நான் நிற்க. இப்போது இரண்டு பேரும் பழத்தைப் பார்த்துக்கொண்டு பேசினோம். பாதிக் குவியல் முடிந்தபோது அவர், “ராத்திரி கனவுல இன்னமும் வண்டி ஓட்டுதேம்வே” என்றார். “சீவலப்பேரிக்கு முன்னால அந்த வளைவு வருதுல்லா, அங்கன பிரேக் பிடிக்க மாட்டேங்கு. நீரு பின்னால நிக்கீரு. ஒத்த விசிலாவது அடிப்பீருன்னு பாக்கேன். அடிக்க மாட்டேங்கீரு.”

மூன்று வருடம் சுசியமும் களியும் போட்டும் வெளியே வராத பேச்சு. அதற்கு என் வாயில் வந்தது இதுதான்:

“இத அங்கன சொன்னீரா?”

“எங்கன?”

“அங்கனதான். மாடியில.”

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இல்லவே. அவருக்கு அந்த வளைவு தெரியாதுல்லா” என்றார்.

நான் ஒரு பழத்தை எட்டாக நறுக்கினேன். கை தானாகப் போட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த பழத்தை எடுத்தார்.

இப்போது ஒரு ஞாயிறு எங்கள் கூடம், ஒரு ஞாயிறு அந்த மாடி என்று ஓடுகிறது. நானும் மாடிக்குப் போகிறேன். பூண்டு உரிக்கிறேன். துறைமுகத்துக்காரர் நல்ல மனிதர்தான், அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதி.

ஆறும் ஐந்தும் ஏழுமாக நறுக்கிய அந்த ஊறுகாய் மூன்றாம் வாரம் பக்குவமாயிற்று. கொட்டைக் கசப்பு லேசாக இருந்தது. நான் டிரைவருக்கென்று ஒரு பாட்டில் எடுத்து வைத்தேன். அவர் இன்னொன்றும் கேட்டார்.

“எதுக்கு?”

“எதிர்த்தெருவுக்கு. நம்ம கையால போட்டதுன்னு குடுக்கணும்லா.”

எனக்கு எரிந்தது. அந்த ‘நம்ம’ இல்லாவிட்டால் கொடுத்திருக்க மாட்டேன். பாட்டிலைத் துடைத்து, சீட்டு ஒட்டி, ஓரத்தைக் கிழித்து நானே கொடுத்தேன். அவர் இரண்டையும் பின் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி அப்படியே நின்றார். போகவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. பிடரிதான் தெரிந்தது.

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. நாக்கை மடித்தேன். இரண்டு விசில் கொடுத்தேன்.

காலை எடுத்தார், வண்டி கிளம்பியது. பின்னால் இரண்டு பாட்டிலும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போயின. இரண்டில் எந்தப் பாட்டில் பெரியது என்று தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.